விண்மீனுக்குள் நடப்பதை மறைமுகமாக அளப்பது: அது அளவீடா, கணக்கா?

பரிதி95 (இழை தொடங்கியவர்)

எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம். செமினாருக்கு அணுக்கரு வானியற்பியல் எடுத்துத் தொலைத்தேன். தலைப்பு வாங்கும்போது கெத்தாக இருந்தது, இப்போது தூக்கம் போச்சு.

என் குழப்பம் இதுதான். சூரியனுக்குள் பெரிலியம்-7 ஒரு புரோட்டானை விழுங்கி போரான்-8 ஆகிறது. சூரியனிலிருந்து வரும் அதிக ஆற்றல் நியூட்ரினோக்கள் இந்தப் போரானிலிருந்துதான் வருகின்றன, அதனால் வினையின் வேகம் துல்லியமாகத் தெரியவேண்டும். சரி, எப்படி அளந்தார்கள் என்று தேடினேன். ஜப்பானில் ரிக்கன் ஆய்வகத்தில் 1990களில் என்ன செய்தார்களாம் என்றால், போரான்-8 கற்றையை ஈயத் தகட்டில் விட்டு, அது ஈயக்கருவுக்குப் பக்கத்தில் போகும்போது பெரிலியமாகவும் புரோட்டானாகவும் உடைவதை எண்ணினார்களாம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்காரர்கள் பெரிலியம்-7ஐ போரான்-10 மேலும் நைட்ரஜன்-14 மேலும் மோதவிட்டு, அது ஒரு புரோட்டானைப் பிடுங்கிக்கொண்டு போவதை அளந்தார்களாம்.

சாம்பார் எப்படி இருக்கு என்று கேட்டால் பக்கத்து வீட்டு ரசத்தை ருசி பார்த்துப் பதில் சொல்கிற மாதிரி இருக்கிறது. இதை எப்படி "அளந்தோம்" என்கிறார்கள்? என் கைடிடம் கேட்டால் "நீயே படி" என்கிறார்.

கறார்குமார்

தம்பி, உன் சந்தேகம் நியாயமானது. மறைமுக முறை என்றால் சோதனைக்கூடச் சட்டை போட்ட கோட்பாட்டுக் கணக்கு. நான் அணுக்கரு இயற்பியலில் பி.எச்டி. முடித்துவிட்டு மென்பொருளுக்கு ஓடிவந்தவன். ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். வேறொரு வினையை அளப்பார்கள், அதன்மேல் ஒரு கோட்பாட்டு மாதிரியைப் போடுவார்கள், கீழே விழுவதை "விண்மீன் ஆற்றலில் குறுக்குவெட்டு" என்று பதிப்பிப்பார்கள். குறுக்குவெட்டு என்றால் வினை நடக்கும் வாய்ப்பின் அளவு.

ஓய்வுபெற்ற வாத்தியார்

திரு. கறார்குமாருக்கு வணக்கம். நேரடியாக ஏன் அளக்கவில்லை என்று முதலில் பார்ப்போம். மாணவர்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

ஹீலியத்தை எரிக்கும் விண்மீனின் நடுவே சுமார் 20 கோடி கெல்வின். அங்கே கார்பன்-12 ஓர் ஆல்ஃபாத் துகளை, அதாவது ஹீலியம் கருவை, விழுங்கி ஆக்சிஜன்-16 ஆகிறது. வினை நடக்கும் ஆற்றல் 300 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் சுற்றுவட்டாரம். இனி கேஇவி என்று எழுதுகிறேன், ஆயிரம் கேஇவி ஓர் எம்இவி. இரண்டுமே நேர்மின் கருக்கள், ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தடைச்சுவர் சில எம்இவி உயரம். ஏறிக் குதிக்க வழியில்லை, சுவரைத் துளைத்துத்தான் போகவேண்டும். அதற்கான நிகழ்தகவு அதலபாதாளம். குறுக்குவெட்டு 10⁻¹⁷ பார்ன் அளவில் வருகிறது.

ஆய்வகத்தில் 100 மைக்ரோ ஆம்பியர் ஹீலியம் கற்றை விடுகிறோம் என்று வையுங்கள். அயனிக்கு ஒற்றை மின்னூட்டம் என்றால் நொடிக்கு 6×10¹⁴ துகள். இலக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁸ கார்பன் அணுக்கள். 10⁻¹⁷ பார்ன் என்றால் 10⁻⁴¹ சதுர சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 6×10⁻⁹ வினை. அதாவது ஒரே ஒரு வினைக்கு ஐந்து வருஷம். டிடெக்டர் பத்துக்கு ஒன்றைத்தான் பிடிக்கும் என்றால் ஐம்பது வருஷம். நான் பணியில் இருந்ததே 34 வருஷம்தான்.

இந்த ஐந்து வருஷத்தில் ஒன்றை, நொடிக்கு நொடி கொட்டும் அண்டக்கதிர்த் துகள்களுக்கு நடுவே அடையாளம் காணவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சங்குமணி

வாத்தியாரே, கும்பிடுறேன். நான் லேத் பட்டறை வச்சிருக்கேன், இயற்பியல் பன்னெண்டாவதோட சரி. ஆனா அந்த அஞ்சு வருஷ கணக்கு புரிஞ்சுது. அண்டக்கதிர் தொல்லைன்னா பூமிக்கடியில போயிட வேண்டியதுதானே?

மலைமுகடு

போயிருக்கிறார்கள், சங்குமணி அண்ணா. இத்தாலியில் கிரான் சாசோ மலைக்குள் லூனா என்று ஓர் ஆய்வுக்குழு. தலைக்குமேல் 1,400 மீட்டர் பாறை, அண்டக்கதிர் மியூவான்கள் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். அங்கே வெறும் 50 கிலோவோல்ட் முடுக்கியை வைத்து, சூரியனில் இரண்டு ஹீலியம்-3 கருக்கள் சேரும் வினையை 16.5 கேஇவி வரை இறங்கி அளந்தார்கள். 1999இல் முடிவு வந்தது. அந்தக் கடைசிப் புள்ளியில் மாதத்துக்கு இரண்டு நிகழ்வு. ஆமாம், மாதத்துக்கு இரண்டு. சம்பளம்கூட ஒரு தடவைதான் வரும்.

சூரியனில் அந்த வினை நடக்கும் ஆற்றல் 22 கேஇவி பக்கம். அதனால் அதை உள்ளபடியே நேரடி அளவீடு எனலாம். ஆனால் இப்படி விண்மீன் ஆற்றல்வரை நேரடியாகத் தொட்ட வினைகளை விரல்விட்டு எண்ணலாம். கார்பனும் ஆல்ஃபாவும் சேரும் வினை மலைக்கடியில் போனாலும் 300 கேஇவிக்கு இறங்காது. வாத்தியார் போட்ட கணக்கில் அண்டக்கதிர் சேரவே இல்லை, கவனித்தீர்களா? அந்த ஐந்து வருஷம் சுத்தமான காத்திருப்பு மட்டும்.

நான் இந்தத் துறையில்தான் இருக்கிறேன். மரக்குதிரை முறையில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். கறார் சார் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் சண்டை.

பரிதி95

அக்கா! நீங்கள் கிடைத்தது என் அதிர்ஷ்டம். மரக்குதிரை முறை என்றால் ட்ரோஜன் குதிரையா? அதையே விளக்குங்களேன்.

மலைமுகடு

அதேதான். 1986இல் கெர்ஹார்ட் பௌர் யோசனையை முன்வைத்தார். அதைச் சோதனைக்கூட முறையாக வளர்த்தது சிசிலித் தீவின் கத்தானியாவில் கிளவுடியோ ஸ்பிதலேரியின் குழு.

லித்தியம்-7 மேல் ஒரு புரோட்டான் மோதி இரண்டு ஆல்ஃபாவாக உடையும் வினையை எடுத்துக்கொள்வோம். குறைந்த ஆற்றலில் புரோட்டான் லித்தியத்தின் தடைச்சுவரைத் தாண்டாது. அதனால் புரோட்டானைத் தனியாக அனுப்பாமல், டியூட்ரானுக்குள் ஒளித்து வைக்கிறோம். டியூட்ரான் என்பது ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் தளர்வாகக் கட்டிக்கொண்டிருப்பது. லித்தியத்தை 20 எம்இவி ஆற்றலில் டியூட்ரான் மேல் விடுகிறோம். தடையைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். உள்ளே போனதும் குதிரை வயிறு திறக்கிறது. புரோட்டான் லித்தியத்துடன் வினைபுரிகிறது, நியூட்ரான் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்த வழியே போகிறது. அதற்கு வேடிக்கைக்காரன் என்றே நாங்கள் பேர் வைத்திருக்கிறோம்.

சங்குமணி

ஒரு நிமிஷம் அக்கா. 20 எம்இவி வேகத்துல இடிச்சா, உள்ள இருக்கிற புரோட்டானுக்கும் அந்த வேகம் இருக்கும்ல? அப்புறம் எப்படி சூரியன்ல இருக்கிற மெதுவான மோதலாகும்? பஸ்ஸு நூறுல போனா உள்ள இருக்கிறவனும் நூறுலதான போறான்.

மலைமுகடு

இந்தக் கேள்வியை என் பி.எச்டி. வாய்மொழித் தேர்வில்கூட யாரும் இவ்வளவு நேராகக் கேட்கவில்லை.

கணக்குப் பாருங்கள். லித்தியம்-7க்கு 20 எம்இவி, எதிரே அசையாத புரோட்டான். நிறைமைய ஆற்றல், அதாவது மோதலுக்கு உண்மையில் கிடைக்கும் ஆற்றல், எட்டில் ஒரு பங்கு, 2.5 எம்இவி. ஆனால் புரோட்டான் டியூட்ரானுக்குள் நியூட்ரானின் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. அந்தப் பிடியை விடுவிக்க 2.22 எம்இவி செலவாகும். மிஞ்சுவது 0.28 எம்இவி. பஸ் நூறில் வந்தாலும், கம்பியைப் பிடித்திருந்த கையை உதறவே முக்கால்வாசி வேகம் போய்விடுகிறது. அதுமட்டுமில்லை, டியூட்ரானுக்குள் புரோட்டான் சும்மா இருக்காது, முன்னும் பின்னும் அலைபாய்ந்துகொண்டே இருக்கும். அந்த அலைச்சலைப் பொறுத்து ஒரே கற்றையில் 0.28ஐச் சுற்றி மேலும் கீழும் பல ஆற்றல்கள் கிடைக்கும், பூஜ்யத்துக்குப் பக்கம்வரை.

நாங்கள் அளப்பது வெளியே வரும் இரண்டு ஆல்ஃபாக்களை. ஒரே நேரத்தில் இரண்டு சிலிக்கான் டிடெக்டர்களில் விழவேண்டும். அவற்றின் ஆற்றலும் கோணமும் தெரிந்தால் நியூட்ரான் எங்கே போனது என்று கணக்கில் வந்துவிடும்.

கறார்குமார்

> பூஜ்யத்துக்குப் பக்கம்வரை

அழகான கதை. இப்போது கதையில் இல்லாததைச் சொல்கிறேன். நியூட்ரான் வேடிக்கைதான் பார்த்தது, கைவைக்கவில்லை என்று எப்படித் தெரியும்? மூன்று துகள் வெளிவரும் எந்த வினையிலும் வேறு பாதைகள் உண்டு. லித்தியமும் டியூட்ரானும் முழுசாக ஒட்டி, பிறகு சிதறியிருக்கலாம். அதே மூன்று துகள்தான் வரும்.

இன்னொன்று. இந்த முறையில் தனி அளவு கிடைக்காது. வளைவின் வடிவம் மட்டும் கிடைக்கும். அதை மேலே கொண்டுபோய் ஏற்கனவே நேரடியாக அளந்த புள்ளிகளில் ஒட்டவேண்டும். ஆக, நேரடி அளவீட்டைக் கேலி செய்யும் முறை அதன் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மலைமுகடு

இரண்டாவது குற்றச்சாட்டை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். யாரும் கேலி செய்யவில்லை, சார். நேரடிப் புள்ளி இல்லாமல் எங்களால் ஒரு வளைவையும் தரையிறக்க முடியாது.

முதலாவதற்குச் சோதனை இருக்கிறது. நியூட்ரான் உண்மையிலேயே வேடிக்கைக்காரன் என்றால், வெளியே வரும்போது அதன் உந்தப் பரவல், டியூட்ரானுக்குள் இருந்தபோது இருந்த பரவலைப்போலவே இருக்கவேண்டும். டியூட்ரானின் அலைச்சார்பு நமக்கு நன்றாகத் தெரியும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒத்துப்போகும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுவோம். இன்னொரு சோதனை, குதிரையை மாற்றுவது. அதே வினையை டியூட்ரானுக்குள் ஒளித்தும், ஹீலியம்-3க்குள் ஒளித்தும் செய்து பார்த்திருக்கிறார்கள். வேடிக்கைக்காரன் யாரென்பது முடிவைப் பாதிக்கக்கூடாது.

என் கதை ஒன்று. எந்த ஆய்வகம் என்று வேண்டாம். இதே வினைதான். மூன்று துகளின் ஆற்றலையும் கூட்டிக் கற்றையின் ஆற்றலைக் கழித்தால் 15.1 எம்இவியில் ஒரு கூம்பு வரவேண்டும், இயற்கை விதி. இரவு ஷிஃப்ட், மூன்று மணி, எனக்குக் கூம்பு 14.9இல் வருகிறது. சின்ன வித்தியாசம்தானே என்று விட்டிருக்கலாம். முதலில் இலக்கைச் சந்தேகப்பட்டேன். டியூட்டீரியம் ஏற்றிய பாலிஎத்திலீன் படலம் அது. கற்றை பட்டுப்பட்டு டியூட்டீரியம் ஆவியாகிப்போகும், அப்பளம் மாதிரி சுருங்கும். புதுப் படலம் மாட்டினேன், எண்ணிக்கை ஏறியது, கூம்பு நகரவில்லை. டிடெக்டர் அளவுதிருத்தத்தை மறுபடி செய்தேன். நகரவில்லை. இரண்டு இரவு போனது. கடைசியில் பார்த்தால் ஒரு டிடெக்டரின் தூரத்தைக் கோப்பில் பதிவிட்டவர் எண்ணைப் பிசகாக எழுதியிருந்தார். கோணம் தப்பு, அதனால் நியூட்ரானின் கணக்கு தப்பு. திருத்தியதும் கூம்பு 15.1இல் போய் உட்கார்ந்தது.

நான் சொல்லவருவது, கண்ணால் பார்க்காத நியூட்ரானைப் பற்றி நாங்கள் சும்மா அடித்துவிடுவதில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்

அம்மா, படித்துவிட்டு என் மனைவியிடமும் வாசித்துக் காட்டினேன். "அப்பளத்தைத் தவிர ஒன்றும் புரியவில்லை" என்றாள். எனக்கு மற்றதும் புரிந்தது.

பரிதி95

என் பழைய கேள்விக்கு வருகிறேன். போரான்-8 விஷயத்தில் எண்கள் ஒத்துப்போகவில்லையே. எஸ் காரணி என்று ஒன்றைச் சொல்கிறார்கள், சுவர் துளைக்கும் பகுதியை நீக்கிவிட்டு மிஞ்சும் அணுக்கருச் சமாச்சாரம். டெக்சாஸ் குழுவுக்கு 17, 18 பக்கம் வந்தது. சியாட்டிலில் நேரடியாகப் பெரிலியம் இலக்கில் புரோட்டான் விட்டவர்களுக்கு 22 வந்தது. இருபது சதவீத வித்தியாசம்.

கறார்குமார்

நானே சொல்ல இருந்தேன். நேரடி 22, மறைமுகம் 17. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

மலைமுகடு

கதையை முழுசாகச் சொல்லலாமா?

முதலில் டெக்சாஸ் முறை ஏன் வேலை செய்யவேண்டும் என்று பார்ப்போம். போரான்-8இல் கடைசிப் புரோட்டான் வெறும் 0.137 எம்இவியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு தளர்வான பிடி என்றால் அந்தப் புரோட்டானின் அலை கருவுக்கு வெளியே நெடுந்தூரம் வால்போல் நீண்டிருக்கும். சூரிய ஆற்றலில் வரும் புரோட்டானும் கருவுக்குள் நுழைவதில்லை, எட்ட நின்றே, அந்த வாலில்தான் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே கருவின் உள்ளே என்ன அமைப்பு என்பது ஏறக்குறைய தேவையே இல்லை. வால் எவ்வளவு தடிமன் என்ற ஒரே எண் போதும். அக்ரம் முகமெட்ஜானோவ் வளர்த்த யோசனை இது. வாலின் வடிவம் கூலும் விதியால் நமக்குத் தெரியும், அதன் அளவை மட்டும் வேறொரு வினையில் அளந்துகொள்ளலாம். பெரிலியம் இன்னொரு கருவின் ஓரத்தை உரசிக்கொண்டு போகும்போது புரோட்டானைப் பிடுங்குவதும் அதே வாலில்தான் நடக்கிறது. பரிதி சொன்ன ரசம் உவமை இங்கே பொருந்தாது, தம்பி. அதே பானையில் வேறு கரண்டி விடுவது இது.

இப்போது எண். 2011இல் சூரிய வினைகள் எல்லாவற்றையும் ஒரு நிபுணர் குழு அலசிப் பரிந்துரைத்த மதிப்பு 20.8. அந்த மதிப்புக்கு நேரடி அளவீடுகளை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். அதன் பிழை எல்லை இரண்டு துண்டாக இருக்கிறது. சோதனையினால் வரும் பிழை 0.7. கோட்பாட்டினால் வரும் பிழை 1.4.

கறார் சார், இதை இன்னொரு தரம் படியுங்கள். நேரடி அளவீடு என்று நீங்கள் கையில் பிடித்திருக்கும் எண்ணில், கணக்கினால் வரும் பிழை சோதனையினால் வரும் பிழையைப்போல் இரண்டு மடங்கு. ஏனென்றால் எவரும் சூரிய ஆற்றலான 18 கேஇவியில் அளக்கவில்லை. நூறு கேஇவிக்கும் மேலே அளந்துவிட்டு, மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறார்கள். நீங்கள் மாதிரியைக் கற்றை விடுவதற்குப் பின்னால் போடுகிறீர்கள், நாங்கள் முன்னாலேயே போட்டுவிடுகிறோம்.

சங்குமணி

அடிச்சீங்க பாருங்க.

கறார்குமார்

அடிபட்டது உண்மை. 1.4ஐ மறந்திருந்தேன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நேரடி அளவீட்டில் மாதிரி தப்பானால் எண் பத்து சதவீதம் நகரும், ஏனென்றால் மேலே உள்ள புள்ளிகள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. மறைமுக முறையில் மாதிரி தப்பானால் எங்கே போய் நிற்கும் என்றே தெரியாது.

மலைமுகடு

எப்போதும் அப்படியில்லை. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. நைட்ரஜன்-14 ஒரு புரோட்டானை விழுங்கி ஆக்சிஜன்-15 ஆவதுதான் கார்பன்-நைட்ரஜன்-ஆக்சிஜன் சுழற்சியில் மிக மெதுவான படி, முழுச் சுழற்சியின் வேகமும் அதன் கையில். 1980களின் நேரடித் தரவை வைத்து எஸ் காரணி 3.2க்கும் மேல் என்று எல்லாரும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 2001இல் ஒரு குழு ஆக்சிஜன்-15இன் 6.79 எம்இவி நிலை எவ்வளவு நேரம் உயிரோடிருக்கிறது என்று அளந்தது. அதே வருஷம் இன்னொரு குழு பழைய தரவையே மறுபடி அலசியது. 2003இல் வால் தடிமன் முறையும் வந்தது. மூன்றும் சொன்னது ஒன்றே: பழைய மதிப்பு ரொம்ப அதிகம். மூன்றிலும் யாரும் விண்மீன் ஆற்றலில் புரோட்டானை நைட்ரஜன்மேல் விடவில்லை. 2004இல் லூனா மலைக்கடியில் நேரடியாக அளந்து சொன்ன மதிப்பு 1.7. பாதி.

விளைவு என்ன தெரியுமா? பழைய விண்மீன்களின் கூட்டமான கோளக் கொத்துகளின் வயது 70 கோடி முதல் 100 கோடி வருஷம் கூடிப்போனது. மறைமுகம் முன்னால் போய் விளக்குப் பிடித்தது, நேரடி பின்னால் வந்து பார்த்தது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

இங்கே ஒன்று சொல்லலாமா? மூன்று ஆல்ஃபா சேர்ந்து ஒரு கார்பன் ஆவதை இதுவரை எந்த ஆய்வகமும் நேரடியாக அளக்கவில்லை. அளக்கவும் முடியாது. இரண்டு ஆல்ஃபா சேர்ந்தால் வரும் பெரிலியம்-8, 10⁻¹⁶ நொடிக்குள் உடைந்துபோகும். அதை இலக்காக வைத்து மூன்றாவது ஆல்ஃபாவை விட யாரால் ஆகும்?

1953இல் பிரெட் ஹாயில், கார்பனில் 7.65 எம்இவி பக்கம் ஓர் ஒத்ததிர்வு நிலை (வினை திடீரென எகிறும் ஆற்றல் நிலை) இருந்தே தீரவேண்டும், இல்லாவிட்டால் பிரபஞ்சத்தில் இவ்வளவு கார்பன் வராது என்று கால்டெக் ஆய்வகத்தில் போய்ச் சொன்னார். நைட்ரஜன்மேல் டியூட்ரானை மோதவிட்டுத் தேடினார்கள், இருந்தது. அந்த நிலை பத்தாயிரத்தில் ஏறக்குறைய நான்கு தடவைதான் நிலையான கார்பனாக இறங்குகிறது, மற்ற நேரமெல்லாம் மறுபடி மூன்று ஆல்ஃபாவாகச் சிதறுகிறது. அந்தப் பங்கையும் நிலையின் அகலத்தையும் தனித்தனியாக வேறு வினைகளில் அளந்து பெருக்கித்தான் வினைவேகம் வருகிறது. முழுக்க முழுக்க மறைமுகம். நம் உடம்பிலுள்ள கார்பன் எல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

அந்த ஆய்வகத்தின் வில்லியம் ஃபௌலரும் நம் சந்திரசேகரும் 1983இல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதை, இழைக்கு வெளியே என்றாலும், எழுதாமலிருக்க முடியவில்லை.

கறார்குமார்

வாத்தியாரே, ஹாயில் நிலை வேறு ஜாதி. அங்கே ஒற்றை ஒத்ததிர்வு ராஜாங்கம் பண்ணுகிறது. அதன் ஆற்றல், அகலம், பங்கு மூன்றும் தெரிந்தால் முடிந்தது, மாதிரிக்கு வேலையே கிடையாது. அதை நான் எதிர்க்கவில்லை.

நான் எதிர்ப்பது எதை என்று பட்டென்று சொல்லிவிடுகிறேன். 2018, நேச்சர் இதழ், கார்பனும் கார்பனும். மலைமுகடு அவர்கள் இதுவரை அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

மலைமுகடு

கவனித்துவிட்டீர்கள். எடுக்காமல் இருந்தது வேண்டுமென்றே.

மற்றவர்களுக்காக: கனமான விண்மீன்களிலும், நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பில் நடக்கும் பெருவெடிப்புகளிலும் இரண்டு கார்பன்-12 சேர்ந்து எரியும். தேவைப்படும் ஆற்றல் 1.5 எம்இவி பக்கம். நேரடியாக அளந்தவர்கள் 2.1 எம்இவி வரை இறங்கி மூச்சுவாங்கி நின்றுவிட்டார்கள், அங்கேயே தரவு சிதறிக்கிடக்கிறது. கத்தானியா குழு ஆரோரா துமினோ தலைமையில் நைட்ரஜன்-14ஐக் குதிரையாக எடுத்தது. அதற்குள் ஒரு கார்பன்-12, ஒரு டியூட்ரான். 30 எம்இவி நைட்ரஜன் கற்றை, கார்பன் இலக்கு. சங்குமணி அண்ணன் பஸ் கணக்கே போடலாம்: 14இல் 12 பங்கு கார்பனுடையது, 25.7. எதிரே இருப்பதும் கார்பன், எனவே நிறைமையத்தில் பாதி, 12.86. கையை உதற 10.27. மிச்சம் 2.59 எம்இவி. உள் அலைச்சலைப் பயன்படுத்தி 0.8 வரை இறங்கினார்கள். ஒத்ததிர்வுகள் வரிசையாக எழுந்தன. அதன்படி 50 கோடி கெல்வினில் வினைவேகம் பழைய மதிப்பைவிட 25 மடங்கு அளவுக்கு எகிறியது.

கறார்குமார்

அடுத்த வருஷம் என்ன நடந்தது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் வன்மம் மாதிரி இருக்கும்.

மலைமுகடு

2019இல் எதிர்ப்புக் கட்டுரை வந்தது. எழுதியவர்களில் முதல் பெயர் அக்ரம் முகமெட்ஜானோவ். ஆமாம், வால் தடிமன் முறையின் தகப்பன். மரக்குதிரை முறையின் கோட்பாட்டுக்கும் கத்தானியாக்காரர்களோடு சேர்ந்து உழைத்தவர். வெளியாள் யாரோ வந்து கல்லெறியவில்லை, வீட்டுப் பெரியவரே எழுந்து நின்று பேசினார்.

அவர் சொன்னது இது. லித்தியம் வினையில் வேடிக்கைக்காரன் நியூட்ரான், மின்னூட்டம் இல்லாதவன். யாரையும் தள்ளமாட்டான், யாரும் அவனைத் தள்ளமாட்டார்கள். நேரான அலை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் பெரிய பாவமில்லை. ஆனால் கார்பன் வினையில் வேடிக்கைக்காரன் டியூட்ரான், நேர்மின். எதிரே இரண்டு கார்பனும் சேர்ந்த, 12 மின்னூட்டம் கொண்ட மக்னீசிய அமைப்பு. டியூட்ரானை அது தள்ளும், அலை வளையும், வளைவு ஆற்றலுக்கு ஆற்றல் மாறும். இதைக் கணக்கில் எடுத்தால் கீழ் ஆற்றலில் எஸ் காரணி ஏறும் அந்தச் செங்குத்து ஏற்றம் காணாமல் போய்விடும் என்றார்.

நேரடி அளவீட்டுக்காரர்களும் சும்மா இல்லை. பிரான்சில் ஸ்டெல்லா என்ற கருவியிலும், அமெரிக்காவில் நோட்ர டாமிலும் 2020 வாக்கில் புதிய தரவுகள் வந்தன. ஆனால் அவையும் 1.5க்கு இறங்கவில்லை.

பரிதி95

அக்கா, நேரடியாகவே கேட்கிறேன். நீங்கள் யார் பக்கம்?

மலைமுகடு

ஒத்ததிர்வுகள் எந்த ஆற்றலில் எழுகின்றன என்ற இடம்வரை அந்தச் சோதனையை நம்புகிறேன். கூம்பின் இடம் கணக்கைப் பொறுத்து அவ்வளவு எளிதில் நகராது. ஒன்றுக்கொன்று எவ்வளவு உயரம் என்பதை, குறிப்பாகக் கீழ்க்கோடியில், நம்பவில்லை. 25 மடங்கை என் விண்மீன் கணக்கில் போடமாட்டேன். நான் இருக்கும் குழுவில் இதைச் சொன்னால் காபி நேரத்தில் யாரும் பக்கத்தில் உட்காரமாட்டார்கள், அதனால்தான் புனைபெயர்.

கறார்குமார்

நாம் சண்டை போட்டதெல்லாம் வீணா அப்போது? இதையேதானே நானும் சொன்னேன்.

மலைமுகடு

இல்லை சார். நீங்கள் சொன்னது "மறைமுகம் என்றால் கணக்கு, நம்பாதே". நான் சொல்வது, எந்த மறைமுகம் என்று பார். வேடிக்கைக்காரனுக்கு மின்னூட்டம் உண்டா? ஒட்டவைத்த நேரடிப் புள்ளி உறுதியானதா, சிதறலா? வினை வாலில் நடக்கிறதா, வயிற்றில் நடக்கிறதா? லித்தியத்தில் மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தது. போரானில் மூன்றாவதற்கு அருமையான பதில். கார்பன்-கார்பனில் மூன்றுமே இடிக்கிறது.

சங்குமணி

குதிரையை மாத்திப் பாக்கலாம்னு மேல சொன்னீங்களே. கார்பனுக்கு வேற குதிரை கிடையாதா?

மலைமுகடு

கேட்கத் தோன்றுவதுதான். ஆக்சிஜன்-16 இருக்கிறது, உள்ளே கார்பனும் ஆல்ஃபாவும், கை உதற 7.16 எம்இவி. ஆனால் அங்கே வேடிக்கைக்காரன் ஆல்ஃபா, மின்னூட்டம் 2. டியூட்ரானே தொல்லை என்றால் இவன் இரட்டைத் தொல்லை. மின்னூட்டமில்லாத வேடிக்கைக்காரன் வேண்டுமென்றால் கார்பன்-13, உள்ளே கார்பனும் ஒரு நியூட்ரானும், 4.95 எம்இவி. கணக்குக்கு நல்லது, சோதனைக்குக் கடினம்.

கறார்குமார்

கார்பன்-13... மின்னூட்டமில்லாத வேடிக்கைக்காரன். முகமெட்ஜானோவ் எதிர்ப்பில் பாதி விழுந்துவிடும். நியூட்ரானை நேரடியாகப் பிடிக்காமல் மற்ற இரண்டையும் பிடித்தால்? ஆல்ஃபாவும் நியான்-20உம்?

மலைமுகடு

நியான் கனமானது, மெதுவாக வரும், மெல்லிய இலக்கிலேயே பாதி ஆற்றலை இழந்துவிடும். தலைகீழாக விட்டால், அதாவது கார்பன்-13ஐக் கற்றையாக்கினால், நியான் முன்பக்கம் வேகமாக வரும். கோணம் ரொம்பக் குறுகல், கற்றையோடு ஒட்டியே போகும்.

கறார்குமார்

எத்தனை டிகிரி?

மலைமுகடு

உட்கார்ந்து போட்டால்தான் தெரியும். உங்களிடம் பழைய இயக்கவியல் நிரல் இருக்கிறதா, அதையும் மென்பொருளுக்கு ஓடும்போது விட்டுவிட்டீர்களா?

கறார்குமார்

ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். ஃபோர்ட்ரானில் எழுதியது. சிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.

பரிதி95

செமினார் வெள்ளிக்கிழமை சார்!!!

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி, வெள்ளிக்கிழமைக்கு லித்தியம் போதும். கரும்பலகையில் 20ஐ எட்டால் வகுத்து, 2.22ஐக் கழித்துக் காட்டு. கேட்பவர்களில் யாராவது ஒருவர் பஸ் கேள்வியைக் கேட்பார்.